உபு ராஜாவின் முதல் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது?

கடற்கரை_ஒழுங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு நாடகம் பழகத் தொடங்கியிருக்கிறோம். எல்லோரும் வேலைக்குப் போகிறவர்கள், அதனால் இரவு ஏழரைக்குப் பிறகு ஒரு நண்பர் வீட்டு மேல்மாடியில்தான் ஒத்திகை. ரயில் போகும்போது நிறுத்தி, அது பம்பலப்பிட்டிப் பக்கம் போய் மறைந்த பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். எடுத்துக்கொண்டது அல்பிரட் ஜாரியின் 'உபு ராஜா'. அரசனைக் கொன்றுவிட்டுத் தானே போலந்து ராஜாவாகிற உபு என்பவனின் கதை, 1896 டிசம்பரில் பாரிஸில் மேடையேறி, முதல் சொல்லாலேயே பேச்சான நாடகம். பிரெஞ்சு மூலத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான்தான் தமிழாக்குகிறேன், என் பிரெஞ்சு அவ்வளவு பெரிதில்லை.

சிக்கல் அந்த முதல் சொல்தான். திரை விலகியதும் உபு முன்னால் வந்து 'மெர்த்ர்' என்கிறான். பிரெஞ்சில் 'மெர்த்' என்றால் பீ. ஜாரி அதற்குள் ஒரு ரகரத்தை அதிகமாகச் செருகி, அகராதியில் இல்லாத, ஆனால் எல்லோருக்கும் உடனே விளங்குகிற ஒரு சொல்லாக ஆக்கிவிட்டார். நான் முதலில் 'மலம்' என்று போட்டேன். வாசித்துப் பார்த்தபோது எங்கள் குழுவில் ஒருவர், "இது ஆணவம், கன்மம், மாயை என்று மும்மலம் சொல்லித்தருகிற சைவ சித்தாந்த வகுப்பு மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரிதான். 'பீ' என்று நேரே போட்டால் சபை அதிரும், ஆனால் அந்தச் செருகல் போய்விடுகிறது, வெறும் தூஷணமாக நின்றுவிடுகிறது. இதற்குள் நாங்கள் கேட்டுப்போன ஒரு மண்டபத்துப் பொறுப்பாளர், குடும்பங்கள் வருகிற இடம், இப்படிச் சொல்லெல்லாம் வேண்டாம், அதை வெட்டினால் திகதி தரலாம் என்கிறார். வெட்டினால் நாடகமே இல்லை என்று நான் நினைக்கிறேன். குழுவில் பாதிப் பேர் அப்படி நினைக்கவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மேடைக்கும் இசைக்கும் எங்களிடம் காசு இல்லை. அந்தக் காலத்தில் இவர்கள் எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

வட்டக்களரி எழுதியது:

தம்பி, நான் மட்டக்களப்புப் பக்கம், இப்போது தெஹிவளையில் இருக்கிறேன். சின்ன வயதில் வடமோடிக் கூத்து ஆடியவன். பிரெஞ்சு எனக்குத் தெரியாது, ஆனால் இந்த நாடகத்தைப் பற்றிக் கொஞ்சம் வாசித்திருக்கிறேன், வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் களரிதான், கூத்து ஆடுகிற அந்த வட்ட இடம்தான், ஞாபகம் வந்தது. இரண்டாவது கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜாரி இந்த நாடகத்தைப் பெரிய அரங்குக்காகக் கற்பனை செய்யவில்லை. ரென் நகரத்துப் பள்ளிக்கூடத்தில் எபேர் என்று ஒரு பௌதிகவியல் ஆசிரியர் இருந்தார், அவரை வைத்துப் பொடியன்கள் கட்டிய கதையிலிருந்துதான் உபு பிறந்தான். அதை அவர்கள் பாவைக்கூத்தாகவும் ஆடினார்கள். பாரிஸுக்கு வந்த பிறகும் ஜாரி அந்தப் பாவையை விடவில்லை. அரங்கை நடத்திய லூனியே-போவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் கேட்டவற்றைப் பாருங்கள்: உபுவுக்கு ஒரு முகமூடி, குதிரையில் வருகிற காட்சிக்குக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அட்டைக் குதிரைத்தலை, படை முழுவதற்கும் ஒரே ஒரு சிப்பாய், இடம் மாறும்போது திரை இறக்காமல் ஒருவர் வந்து இடத்தின் பெயர் எழுதிய பலகையைத் தொங்கவிடுவது. இதெல்லாம் நமக்குப் புதிதா? களரியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தால் அத்தினாபுரத்திலிருந்து வனத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற ஆட்கள் நாம். கட்டியகாரன் வந்து சொன்னால் அது அரண்மனை, அவ்வளவுதான்.

இதில் எனக்கு மிகப் பிடித்த ஒரு இடம் உண்டு. உபுவாக நடித்தவர் பிர்மன் ஜெமியே, தேர்ந்த நடிகர். உபு சிறைக்கு வருகிற காட்சியில் கதவு என்று ஒன்றும் இல்லை. ஒரு நடிகர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். ஜெமியே அந்தக் கையில் சாவியைப் போட்டுத் திருப்புகிறார், வாயால் 'கிரீச்' என்று பூட்டுச் சத்தம் போடுகிறார், பிறகு அந்தக் கையைக் கதவைத் திறப்பது போல வளைத்து உள்ளே போகிறார். சபை பொறுக்காமல் கத்தத் தொடங்கியது அந்த இடத்தில்தான் என்று ஜெமியே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கெட்ட சொல்லையாவது ஒருமாதிரி விழுங்கிவிட்டார்கள், ஒரு மனிதன் கதவாக நின்றதை விழுங்க முடியவில்லை. இதை நான் வாசித்த அன்று நெடுநேரம் யோசித்தேன். வீட்டு அறையை அப்படியே மேடையில் காட்டுவதுதான் நாடகம் என்று பழகிய கண்ணுக்கு அந்தக் கை எவ்வளவு பெரிய அவமானமாக இருந்திருக்கும்! எங்கள் ஊரில் ஒரு ஆச்சிக்கு அதைக் காட்டியிருந்தால் வெற்றிலையைத் துப்பிவிட்டு, சரி, கதவு திறந்தாச்சு, மேலே ஆடு என்றிருப்பார்.

ஆகவே காசு இல்லை என்று கவலைப்பட வேண்டாம். கூத்தாடியவர்கள் ஒருவர் இருவரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பேராசிரியர் வித்தியானந்தன் 1960களில் பேராதனை மாணவர்களை வைத்துக் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' என்று கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார், அந்த வழி நமக்குத் திறந்தே இருக்கிறது. முகமூடிக்கு அம்பலாங்கொடையில் 'கோலம்' என்ற சிங்கள நாட்டுக்கூத்தின் முகமூடிகளைப் போய்ப் பாருங்கள், ராஜா முகமூடியின் பாரத்தில் ஆடுகிறவன் தலையை எப்படிப் பிடிக்கிறான் என்று கவனியுங்கள். உபு அப்படித்தான் நடக்க வேண்டும்.

---

பச்சை_மெழுகுதிரி எழுதியது:

முதல் சொல்லுக்கு வருகிறேன். நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள், பிரெஞ்சு பத்து வருடமாகப் படிக்கிறேன்.

முதலில் ஒன்று: இந்தச் சொல் ஒரு தடவை மட்டும் வந்து போகிற சொல் இல்லை. உபு அரசனைக் கொல்லச் சதி செய்யும்போது சைகையே இதுதான். அரசனின் காலை மிதித்து, இந்தச் சொல்லைச் சொல்வேன், உடனே எல்லோரும் பாயுங்கள் என்கிறான். பிறகு வாளுக்கும் கொக்கிக்கும் பெண்சாதிக்கும்கூட இதையே அடைமொழியாக ஒட்டுகிறான். அதனால் உங்களுக்கு வேண்டியது தனியே நின்றால் கத்தலாகவும், இன்னொரு சொல்லின் முன்னால் ஒட்டினால் அடைமொழியாகவும், சபைக்கு நடுவே சொன்னால் கட்டளையாகவும் வேலை செய்கிற சொல். மண்டபத்துக்காரர் கேட்கிறபடி வெட்டினால் முதல் வரி மட்டும் போகாது, ராஜாவைக் கொல்கிற காட்சியும் சேர்ந்து போய்விடும். குழுவில் மற்றப் பாதிக்கு இதைச் சொல்லுங்கள்.

என் ஆலோசனை: 'பீர்க்கு!'

சிரிக்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பீ என்று நீட்டி அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். சபை மூச்சைப் பிடிக்கும். பிறகு ரகரத்தை உருட்டிக் ககரத்தில் வெடிக்க வேண்டும். ஜாரி செய்ததும் இதைத்தான், தெரிந்த கெட்ட சொல்லுக்குள் ஒரு ரகரத்தைப் போட்டு அதை வீங்க வைத்தார். நமக்கு அந்த ரகரம் சந்தையிலேயே பீர்க்கங்காயாகக் கிடக்கிறது. மண்டபத்துக்காரர் பிரதியில் வாசித்தால் மரக்கறி, மேடையில் கேட்டால் வேறு. பிறகு 'பீர்க்குக் கத்தி', 'பீர்க்குக் கொக்கி', 'அடி பீர்க்குப் பெண்சாதி' என்று எல்லா இடத்திலும் அது புணர்ந்து போகிறது. 'மலம்' இதில் ஒன்றையும் செய்யாது.

உபு சத்தியம் பண்ணுகிற இடங்களையும் மெலிதாக்கிவிட வேண்டாம். 'என் பச்சை மெழுகுதிரி மேல் ஆணை' என்று அப்படியே விடுங்கள், விளக்கம் வேண்டாம், எனக்கு இங்கே பெயரே அதிலிருந்துதான். வயிற்றின் மேல் சத்தியத்துக்குத் 'தொந்தி' என்று போடாமல், வயிற்றுக்கு நாம் சொல்கிற 'வண்டி'யைப் போடுங்கள். 'என் வண்டி மேல் சத்தியம்' என்றால் கொழும்பில் இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள் வானையோ காரையோ நினைப்பார்கள், பரவாயில்லை, வயிற்றில் கைவைத்துச் சொன்னால் போதும். ஜாரி வரைந்த உபுவின் வயிற்றில் ஒரு பெரிய சுருள் இருக்கும், அதை உடுப்பிலேயே தைத்துவிடுங்கள்.

உச்சரிப்பு பற்றியும் ஒரு வார்த்தை. ஜாரி எல்லா அசைக்கும் ஒரே அழுத்தம் கொடுத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் பேசுவாராம். உபுவை எப்படிப் பேசுவது என்று ஜெமியே தடுமாறி, கடைசியில் ஜாரியின் குரலையே எடுத்துக்கொண்டார். தமிழில் இது பயமாக இருக்கும். உங்கள் உபுவிடம் வானொலிச் செய்தி வாசிப்பை மறக்கச் சொல்லுங்கள்.

---

கடற்கரை_ஒழுங்கை எழுதியது:

அக்கா, 'பீர்க்கு' என்று இப்போதுதான் சத்தமாகச் சொன்னேன், பக்கத்து அறையிலிருந்து அம்மா "என்ன சொன்னாய்?" என்று கேட்டார். அந்த ஒரு கணத் தயக்கம்தான் எனக்கு வேண்டியிருந்தது. மிக்க நன்றி. வட்டக்களரி அண்ணா, கதவாக நிற்கிற கையை எழுதி ஒத்திகைச் சுவரில் ஒட்டிவிட்டேன்.

இன்னும் ஒரு குழப்பம். குழுவில் சிலர் உபுவை நம் அரசியல்வாதி ஒருவரைப் போலவே உடுத்திவிடலாம், 2022இல் நடந்ததெல்லாம் சனத்துக்கு ஞாபகம் இருக்கும், கைதட்டல் நிச்சயம் என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஆனால் ஏன் என்று சொல்லத் தெரியவில்லை. அப்புறம் இசை.

---

பேரிக்காய்_வடிவில் எழுதியது:

முதலில் உடுப்பு. வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். திரை விலகுமுன் ஜாரியே மேடைக்கு வந்து, கதை நடப்பது போலந்தில், அதாவது எங்குமில்லாத இடத்தில் என்று சொன்னார். அப்போது போலந்தை ரஷ்யாவும் பிரஷ்யாவும் ஆஸ்திரியாவும் பங்கு போட்டு நூறு வருடம் ஆகியிருந்தது, வரைபடத்தில் அப்படி ஒரு நாடே இல்லை. ஒரு முகத்தை ஒட்டினால் அந்த முகத்துக்கு மட்டும் சனம் சிரித்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடும். பிரபுக்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, உன் வருமானம் எவ்வளவு என்று கேட்டு, பதில் வந்ததும் பொறிக்குள் தள்ளுகிறானே, அந்தக் காட்சியை வேகமாக, ஒரே தாளத்தில் செய்யுங்கள், யாரை நினைக்க வேண்டுமோ அவரைச் சபையே நினைத்துக்கொள்ளும். பிறகு நீதிபதிகள், பிறகு வரி. நான் இந்த இடத்தைப் படித்தபோது சிரிக்கத் தொடங்கி நடுவில் சிரிப்பு நின்றுவிட்டது. அன்று பார்வையாளர்களில் இருந்த கவிஞர் யேட்ஸ், நாடகத்துக்காகச் சத்தம் போட்டு ஆதரித்துவிட்டு, இரவு ஹோட்டலுக்குப் போய் மனம் சோர்ந்திருந்தார், எங்களுக்குப் பிறகு வரப்போவது காட்டுக் கடவுள் என்று எழுதினார். அவருக்குப் பிரெஞ்சு சரியாக விளங்காது. உபு செங்கோலாகப் பிடித்திருந்தது கக்கூசு கழுவுகிற பிரஷ் என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அதை விட்டுவிடாதீர்கள், பெரிய செலவில்லை.

பின்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதை வரைந்தவர்களில் பொனார், வுய்யார், செருசியே, துலூஸ்-லோத்ரெக் எல்லோரும் இருந்தார்கள், இன்று அவர்கள் படங்கள் அருங்காட்சியகங்களில் தொங்குகின்றன. ஒரே திரையில் ஒரு பக்கம் கட்டில், கட்டிலின் காலடியில் பனி கொட்டுகிற மொட்டை மரம், மறுபக்கம் பனைவகை மரங்கள், அதில் ஒன்றில் சுற்றிய மலைப்பாம்பு, கதவோரம் தொங்குகிற எலும்புக்கூடு. நடுவில் ஒரு அடுப்பங்கரைக் கணப்பு, பாத்திரங்கள் அதற்குள்ளால்தான் வந்து போனார்கள். குழந்தைகள் வரைவது போல உள்ளும் வெளியும் கோடையும் குளிரும் ஒன்றாக. உங்களுக்கு மாதிரி வேண்டுமென்றால் பார்ன்ஸ் பிளேசில் சபுமல் நிலையத்துக்குப் போங்கள். ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது, 1943இல் கொழும்பில் தொடங்கிய '43 குழு' ஓவியர்களின் படங்கள் அங்கே சுவர் சுவராக இருக்கின்றன. அவர்களில் ஜஸ்டின் தரணியகல பாரிஸில் படித்தவர். அங்கே கற்றதை இங்கே வந்து என்ன செய்தார்கள் என்று ஒரு மத்தியானம் நின்று பாருங்கள்.

இசைக்கு: ஜாரி பெரிய வாத்தியக்குழு ஒன்று கேட்டார், கிடைக்கவில்லை. இசையமைத்தவர் குளோத் தெராஸ், திரைக்குப் பின்னால் பியானோவும் முரசும் மட்டும். உங்களிடம் ஒரு மத்தளமும் ஒரு சிறு கீபோர்டும் இருந்தால் நீங்கள் அதே நிலையில்தான் இருக்கிறீர்கள்.

எரிக் சத்தீயைப் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். எனக்கு உயிரான இசைஞர் அவர், என் பெயரும் அவருடைய 'பேரிக்காய் வடிவில் மூன்று துண்டுகள்' என்ற பியானோ இசையிலிருந்து வந்தது, மூன்று என்று தலைப்பிட்டு உள்ளே ஏழு எழுதியவர். ஆனால் தயவுசெய்து 1888இல் எழுதிய அந்த ஜிம்னோபெடிகளை, அந்த மெதுவான பியானோத் துண்டுகளைப் போடாதீர்கள். விளம்பரத்திலும் தேநீர்க்கடையிலும் கேட்டுக் கேட்டு நம் காது அதை மெத்தையாக்கிவிட்டது, உபுவுக்கு மெத்தை ஆகாது. சத்தீயிடமிருந்து எடுக்க வேண்டியது வேறு. 1917 மே 18இல் ஷாத்லே அரங்கில் 'பராத்' என்ற நடன நாடகம், கதை எழுத்தாளர் கொக்தோ, உடையும் திரையும் ஓவியர் பிக்காசோ. சந்தையில் கூடாரத்துக்கு வெளியே நின்று ஆள் கூப்பிடுகிறவர்கள்தான் அதில் பாத்திரங்கள். அந்த இசைக்குள் தட்டச்சு இயந்திரமும் சைரனும் துப்பாக்கிச் சத்தமும் வருகின்றன. பலருக்கு அது இசையாகத் தெரியவில்லை. கேவலமாக எழுதிய விமர்சகருக்குச் சத்தீ தபாலட்டையில் திட்டி எழுதி, வழக்காகி, எட்டு நாள் சிறைத்தண்டனை கிடைத்தது, பிறகு அது நிறுத்திவைக்கப்பட்டது. இரவில் பாரிஸிலிருந்து ஆர்க்கேய் புறநகருக்கு நடந்தே வீடு போன, 39 வயதில் திரும்பவும் மாணவனாகப் பள்ளியில் சேர்ந்து, பல மெட்டுகளை ஒன்றோடொன்று பின்னுகிற எதிர்ப்புள்ளி இசை படித்த மனிதர் அவர். விளையாட்டாகச் செய்த ஆள் இல்லை.

அதனால் நான் சொல்வது இதுதான். உங்கள் மேல்மாடிக்கு ரயில் வருகிறதே, அதை ஏன் நிறுத்திவைத்துக் காத்திருக்கிறீர்கள்? ஒரு இரவு அதைப் பதிவு செய்யுங்கள். தூரத்தில் ஹோர்ன், பிறகு தண்டவாளம் அதிர்வது, பிறகு கடல் மட்டும். ரஷ்யச் சார் மன்னனின் படை வருகிற காட்சிக்கு அதை விடுங்கள், ஒரே ஒரு சிப்பாய் நிற்கட்டும், மத்தளம் அதன் மேல் ஏறட்டும்.

---

கடற்கரை_ஒழுங்கை எழுதியது:

இன்று ஒத்திகையில் நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்தோம். 'பீர்க்கு' என்று சொன்னதும் எங்கள் குழுவிலேயே எதிர்த்தவர்களில் இருவர் திரும்பச் சொல்லு என்றார்கள், சரி, அது உறுதி. சுருளைச் சேலைக் கரையால் தைக்கப் போகிறோம். ரயில் 8.10க்கு வந்தபோது நிறுத்தவில்லை, உபு அதற்கு மேலால் கத்தினான், தொண்டை போய்விட்டது, இஞ்சித் தேத்தண்ணி குடிக்கிறான். மண்டபத்துக்காரரிடம் திங்கட்கிழமை மரக்கறிப் பிரதியோடு போகிறோம். கதவாக நிற்கத்தான் யாரும் முன்வரவில்லை, எல்லோருக்கும் வசனம் வேண்டுமாம். வட்டக்களரி அண்ணா, நீங்கள் தெஹிவளைதானே, வியாழன் இரவு ஒருதரம் வந்து நின்று காட்டுவீர்களா?

---

வட்டக்களரி எழுதியது:

வருகிறேன். எந்தக் கை என்று சொல்லு, வலது தோளை நீட்டினால் கொஞ்சம் நோகும்.