தைப்பூசம் முடிஞ்சதும் பித்தோன் தெ நெஜ் ஏறலாமா? மழை பயமா இருக்கு

மதி_சென்பியேர்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க ரியூனியன் தீவுல சென் பியேர்ல இருக்கோம், சொந்த ஊர் பாண்டிச்சேரி. என் தம்பி இந்த தடவ தைப்பூசத்துக்கு இங்க வந்து காவடி எடுக்கறான். காவடி முடிஞ்ச மறுநாளே இந்த தீவோட உயரமான மலை பித்தோன் தெ நெஜ் ஏறியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். ஊர்ல வருஷா வருஷம் வெள்ளியங்கிரி போறவன், ராத்திரியோட ராத்திரியா ஏழு மலையும் ஏறி இறங்கிடுவான், அந்த தைரியம். நானும் என் வீட்டுக்காரரும் கூட போறதா இருக்கோம், எங்களுக்கு ஓரளவு நடந்து பழக்கம் உண்டு. ஒரே நாள்ல போய்ட்டு வந்துடலாமா இல்ல மேல ஜீத்ல (மலைல தங்குற விடுதி) தங்கணுமா? எந்தப் பக்கம் ஏறுனா நல்லது? மழை பிடிச்சா என்ன பண்றது? ஏறினவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

சிலாவோஸ்_வாசி:
அக்கா, மொதல்ல மாசத்தப் பத்தி சொல்லிடறேன், மத்ததெல்லாம் அப்புறம். தைப்பூசம் வர்ற ஜனவரி பிப்ரவரி தான் இங்க புயல் சீசனோட உச்சம். வெள்ளியங்கிரில வனத்துறை ஆள விடறதே பிப்ரவரில இருந்து மே வரைக்கும், அதாவது மலை காஞ்சு கெடக்குற நேரத்துல. அந்த அனுபவத்த வெச்சு இந்த மலைய எடை போட முடியாது. இங்க மழைன்னா எப்படின்னு தம்பிக்கு புரியணும்னா இதச் சொல்லுங்க: 1966 ஜனவரில தெனீஸ் புயல் வந்தப்போ இந்த தீவுல ஃபோக் ஃபோக்ங்கற இடத்துல 24 மணி நேரத்துல 1825 மில்லிமீட்டர் பெஞ்சிருக்கு, இன்னிக்கும் அதுதான் உலக ரெக்கார்டு. சென்னைக்கு ஒரு வருஷம் பூரா கெடைக்குற மழைய விட அதிகம், ஒரே நாள்ல!! 2007ல கமேத் புயலப்போ இங்கயே கொம்மெர்சோன்ங்கற இடத்துல மூணு நாளைக்குள்ள 3900 மில்லிமீட்டருக்கு மேல கொட்டுச்சு.

அப்போ ஜனவரில ஏறவே முடியாதான்னா, முடியும், புயல் பக்கத்துல இல்லாத நாட்கள்ல காலைல வானம் பளிச்சுனு தான் இருக்கும். ஆனா ஒன்பது பத்து மணி ஆனதும் கீழ இருந்து மேகம் ஏறி வந்து மூடிடும், மத்தியானத்துக்கு மேல மழை இடி எல்லாம். அதனால ஒரே நாள் பிளான் வேண்டாம்க்கா. மலையடிவாரத்துல இருக்குற சிலாவோஸ் ஊர்ல இருந்து ஏறுங்க, ஊருக்கு கொஞ்சம் மேல லெ ப்ளோக்னு ஒரு இடம், ஏறத்தாழ 1380 மீட்டர்ல இருக்கு, பாதை அங்க தான் ஆரம்பம். விடியக்காலைலயே கிளம்பினா மூணு நாலு மணி நேரத்துல 2480 மீட்டர் கிட்ட இருக்குற கவேர்ன் துஃபூர் ஜீத்துக்கு மேகத்துக்கு முன்னாடியே போய் சேர்ந்துடலாம். சாயங்காலம் அங்கயே ரெஸ்ட். மறுநாள் விடியறதுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி நெத்தி லைட்ட மாட்டிட்டு உச்சிக்கு கிளம்பினா சூரிய உதயத்துக்கு சரியா இருக்கும், ஜனவரில சீக்கிரமே விடிஞ்சிடும், அதுக்கு தகுந்த மாதிரி அலாரம் வைங்க. ஜீத்த முன்கூட்டியே புக் பண்ணணும். காவடி விரதம் முடிஞ்ச கையோட சைவம் தான் சாப்பிடுவீங்கன்னா அதையும் புக் பண்ணும்போதே சொல்லிடுங்க, மேல போய் கேட்டா கஷ்டம்.

அந்த்ரே_செல்வி:
நான் சென் அந்த்ரே பக்கம், எங்க வீட்லயும் காவடி எடுப்பாங்க, அதனால வேற ஒண்ணு சொல்லணும். பத்து நாள் விரதம், முதுகுலயும் நெஞ்சுலயும் வேல் குத்தின காயம், அதுக்கு மேல மறுநாள் முதுகுப்பை பட்டை உரசினா என்ன ஆகும்? வேர்வையும் மழைத்தண்ணியும் வேற சேரும், காயம் புண்ணாகிடும். தம்பி அலகு குத்திக்கறாருன்னா கொறஞ்சது நாலஞ்சு நாளாவது விட்டுட்டு, காயம் ஆறிடுச்சான்னு பாத்துட்டு, ஒழுங்கா சாப்பிட்டு தெம்பு வந்ததும் ஏறட்டும். லெ ப்ளோக்ல இருந்து ஜீத்துக்கே செங்குத்தா 1100 மீட்டர் ஏத்தம், படிக்கட்டு மாதிரி கல்லும் கட்டையும் போட்டு வளைஞ்சு வளைஞ்சு போகும், அதுக்கப்புறம் இன்னும் 600 மீட்டர். பசியோட இருந்த உடம்பு தாங்காது.

மதி_சென்பியேர்:
செல்வி அக்கா நீங்க சொன்னது எங்க யாருக்குமே தோணல, ரொம்ப நன்றி. அவன் முதுகுல அலகு குத்திக்கத்தான் போறான். அப்போ ஒரு வாரம் தள்ளிப் போட சொல்றேன். பிளேன் தே காஃபர் பக்கம் இருந்தும் ஏறலாம்னு ஒருத்தர் சொன்னாரு, எங்க வீட்ல இருந்து வண்டில போறதுக்கு அதுதான் ஈஸி, அது எப்படி?

மலைநடை_குமார்:
பிளேன் தே காஃபர் பக்கத்துல இருந்து மார் ஆ பூ வழியா வர்ற பாதையத் தான சொல்றீங்க? ஏத்தம் கம்மி, ஆனா தூரம் ரொம்ப அதிகம், மழைக்காலத்துல பூராவும் சேறு, கணுக்கால் வரைக்கும் இறங்கும். நல்ல மே ஜூன்லயே அங்க ஈரம் காயாது. சிலாவோஸ் பக்கமே போங்க.

சிலாவோஸ் போறதுலயும் ஒரு விஷயம் இருக்கு. சென் லூயில இருந்து மேல போற அந்த 400 வளைவு ரோட்ல பெரிய மழை பெஞ்சா பாறை உருண்டு வந்து ரோட்ட மூடிடுவாங்க, வேற ரோடு கெடையாது. தம்பியோட ரிட்டர்ன் பிளைட்டுக்கும் மலைக்கும் நடுவுல ரெண்டு நாளாவது காலியா வைங்க. கிளம்புறதுக்கு முன்னாடி மெத்தேயோ ஃப்ரான்ஸ்ல வானிலை பாருங்க, ஓ.என்.எஃப் (இங்கத்த வனத்துறை) தளத்துல பாதை திறந்திருக்கா மூடியிருக்கான்னு போட்டிருப்பாங்க, அதையும் பாருங்க. மஞ்சள் புயல் அலர்ட் வந்துட்டா ஜீத்த கேன்சல் பண்ணிடுங்க, ஆரஞ்சு வர்ற வரைக்கும் பாக்கலாம்னு இருக்காதீங்க. சிவப்பு வந்துட்டா வீட்ட விட்டு வெளியவே வரக்கூடாது.

ஜீத்துக்கு மேல போற பாதைல பாறைங்க மேல வெள்ளை பெயின்ட் அடையாளம் இருக்கும். மேகம் மூடி அடுத்த அடையாளம் கண்ணுக்கு தெரியலன்னா அங்கயே நின்னு, கடைசியா பாத்த அடையாளத்துக்கு திரும்பி வந்து இறங்கிடுங்க, உச்சிய விட்டுடுங்க. அவசரம்னா 112, ஆனா மேகத்துக்குள்ள ஹெலிகாப்டர் வர முடியாதுங்கறத மனசுல வைங்க.

துணி பத்தி ஒரே ஒரு விஷயம், பருத்தி டீஷர்ட் ஜீன்ஸ் போட்டுட்டு வராதீங்க, நனைஞ்சா காயவே காயாது, மேல காத்துல நடுங்கிடுவீங்க. ஜனவரின்னாலும் உச்சில விடியக்காலைல நல்ல குளிர் தான். தலையோட மூடுற மழைக்கோட்டு, உள்ள ஒரு கம்பளி, மாத்து சாக்ஸ பிளாஸ்டிக் பைக்குள்ள போட்டு வைங்க. ரெண்டு தடியும் எடுத்துக்கங்க, இறங்கும்போது நனைஞ்ச கட்டைப்படில முட்டிக்கு அதுதான் துணை.

சிலாவோஸ்_வாசி:
குமார் அண்ணா சொன்னது அத்தனையும் சரி. மதி அக்கா, புயல் வந்து பிளான் கேன்சல் ஆச்சுன்னா தம்பிய மே மாசத்துக்கு மேல நவம்பருக்குள்ள திரும்ப வர சொல்லுங்க, அதுதான் இங்க காய்ஞ்ச சீசன். ஜூலைல உச்சில பாறை மேல பனி உறைஞ்சு கெடக்கும், மூணு சிர்க்கும் (மலையச் சுத்தி இருக்குற பெரிய பள்ளத்தாக்குங்க), கடலும், எரிமலைப் பக்கமும் ஒண்ணா தெரியும். ஜீத் தேதி முடிவானதும் இங்க போடுங்க, அந்த வாரம் ரோடு எப்படி இருக்குன்னு பாத்து நான் சொல்றேன்.