‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ ஏன் இன்னும் சலிக்கவில்லை?

கேள்வி:
‘தி பேண்ட்’ குழுவினர் 1976 நவம்பர் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவின் வின்டர்லேண்ட் அரங்கில் நடத்திய விடைபெறும் கச்சேரியை மார்ட்டின் ஸ்கார்செசி படமாக்கினார். ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ என்ற அந்தப் படம் 1978இல் வெளிவந்தது. ராக் இசையில் எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. ஆயினும் இதை மூன்று முறை பார்த்துவிட்டேன். இதைவிடத் துல்லியமான கச்சேரிப் பதிவுகள் எத்தனையோ கிடைக்கும்போது, இது மட்டும் ஏன் இப்படி இழுக்கிறது?

மறுமொழி 1:
கேமரா எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஸ்கார்செசி கூட்டத்தை அநேகமாகக் காட்டுவதே இல்லை. ஆரவாரம் காதில் விழுகிறது, கண்ணோ மேடையை விட்டு அகல்வதில்லை. அதனால் கலைஞர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசிப்பைக் கைமாற்றிக்கொள்வது நமக்கும் தெரிகிறது. விருந்தினராக வந்த எரிக் கிளாப்டனின் கிதார் வார் கழன்று விழும்போது குழுவின் கிதார் கலைஞர் ராபி ராபர்ட்சன் இசை அறுபடாமல் வாசிப்பைத் தாமே ஏற்றுக்கொள்ளும் அந்தச் சில நொடிகளுக்காகவே நான் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

மறுமொழி 2:
எந்த வரிக்கு எந்த ஒளி, எந்த அசைவு என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு, 35 மி.மீ. பிலிமில் பல கேமராக்களைக் கொண்டு எடுத்த படம் இது. ஆனால் மட்டி வாட்டர்ஸ் ‘மேனிஷ் பாய்’ பாடத் தொடங்கியபோது ஏனைய கேமராக்கள் நின்றிருக்க, லாஸ்லோ கோவாக்ஸின் கேமரா மட்டுமே ஓடிக்கொண்டிருந்தது. வெட்டுவதற்கு வேறு காட்சி இல்லாததால் அந்த முகத்திலேயே படம் நிலைத்துவிடுகிறது. திட்டம் தவறிய இடம்தான் என் கணக்கில் படத்தின் உச்சம்.

மறுமொழி 3:
மறுபக்கமும் உண்டு. குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடிய லெவான் ஹெல்ம், கேமரா ராபர்ட்சனையே சுற்றி வருகிறது என்றும், குழுவின் மற்ற உறுப்பினர்களான ரிச்சர்ட் மானுவலும் கார்த் ஹட்சனும் கண்ணில் படுவதே அரிது என்றும் தம் சுயசரிதையில் கசந்து எழுதினார். அது நியாயமான குறை. மேலும், ஸ்டேப்பிள் சிங்கர்ஸ் என்ற பாடகர் குழு பங்குபெறும் ‘தி வெயிட்’ பாடல் அன்றைய மேடையில் நிகழ்ந்ததன்று. பின்னர் ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி அதுதான் என்பது வேறு விஷயம்!

கேட்டவர்:
அந்த ஸ்டூடியோக் காட்சியை இதுவரை மேடையில் நிகழ்ந்ததாகவே எண்ணியிருந்தேன். கச்சேரியின் கடைசிப் பாடலை ஸ்கார்செசி படத்தின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டதும் இப்போதுதான் உறைக்கிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்தே நாம் பார்க்க ஆரம்பிக்கிறோம். நான்காம் முறை ஹெல்மை மட்டும் கவனிக்கப் போகிறேன்.