மூணு சேஃப்டியா, முன்வரிசையா?

சனிக்கிழமைப் பித்தன்:
அமெரிக்கக் காலேஜ் ஃபுட்பால்ல ஸ்ப்ரெட் அஃபென்ஸை (ஆளுங்களை மைதானத்தோட அகலம் முழுக்கப் பரப்பித் தாக்குற ஆட்டம்) உருப்படியாத் தடுக்க வழி சொன்னது ஐயோவா ஸ்டேட்தான். 2017ல அவங்க டிஃபென்ஸ் கோச் ஜான் ஹீகாக் மூணு பேரை மட்டும் முன்னால மோதவிட்டு, மீதி எட்டு பேரைப் பாஸுக்கு (முன்னால எறியுற பந்துக்கு) காவல் வைக்க ஆரம்பிச்சார். அதுல மூணு பேர் சேஃப்டி, அதாவது எல்லாருக்கும் பின்னால நிக்கிற காவல்காரங்க. அந்த வருஷம் ஹெய்ஸ்மன் (சிறந்த காலேஜ் வீரர் விருது) வாங்கின பேக்கர் மேஃபீல்டு இருந்த ஓக்லஹோமாவை, அவங்க மைதானத்துலயே 38-31ன்னு சாய்ச்சாங்க.

நடுவரிசை நல்லதம்பி:
31 பாயின்ட் விட்டுட்டு அதுக்குப் பேர் தடுப்பா? டிசியுவும் (டெக்சஸ் கிறிஸ்டியன் யுனிவர்சிட்டி) 2022 சீசன்ல மூணு பேர் முன்வரிசையோடதான் ஃபைனல் வரைக்கும் வந்தாங்க. அங்க என்ன ஆச்சு? ஜார்ஜியா 65, டிசியு 7. முன்னால கனம் இல்லேன்னா எந்தத் திட்டமும் செல்லாது. 2021 ஜார்ஜியாவைப் பாருங்க: ஜோர்டன் டேவிஸ், டெவான்டே வயட், டிரேவான் வாக்கர். முன்வரிசையில மூணு பேருமே அடுத்த டிராஃப்ட்ல (என்எஃப்எல்ங்கிற தொழில்முறை லீக் காலேஜ் வீரர்களைத் தேர்வு செய்யுறது) முதல் ரவுண்டு!

சனிக்கிழமைப் பித்தன்:
அந்த மாதிரி மூணு பேர் ஐயோவா ஸ்டேட் இருக்கிற ஏம்ஸ் ஊருக்கு வருவாங்களா? கையில இருக்கிற ஆளை வெச்சுத்தானே ஆடணும். ஆர்பிஓவை (ஓடுறதா எறியுறதான்னு ஆட்டத்துக்கு நடுவுல முடிவு பண்ற உத்தி) நல்லா கவனிங்க. குவாட்டர்பேக் (பந்தை எறியுறவன்) பந்தை ரன்னிங் பேக் (பந்தோட ஓடுறவன்) வயித்துல வெச்சுக்கிட்டே லைன்பேக்கரை (டிஃபென்ஸ் முன்வரிசைக்குப் பின்னால நிக்கிறவன்) பார்க்கிறான். லைன்பேக்கர் ஒரு அடி முன்னால வெச்சா, அவன் முதுகுக்குப் பின்னால ஸ்லான்ட் (குறுக்கே ஓடுறவனுக்கு எறியுற சின்ன பாஸ்) பறக்கும். நடு சேஃப்டி மேலேயிருந்து ஓட்டத்தை அடைக்க ஓடி வந்தா, லைன்பேக்கர் பதறாம நிக்கலாம். சூட்சுமமே அதுதான். அப்புறம், உங்க ஜார்ஜியா அந்த டிசம்பர்ல அலபாமாகிட்ட 41 வாங்கிச்சே? அவங்க குவாட்டர்பேக் பிரைஸ் யங் 421 யார்டு எறிஞ்சான்.

கோட்டோரம்:
ரெண்டு பேரும் விதியை விட்டுட்டீங்க. பாஸ் போறதுக்குள்ள அஃபென்ஸ் லைன்மேன் (தாக்குற அணியோட முன்வரிசை ஆளு) காலேஜ்ல மூணு யார்டு முன்னேறலாம், என்எஃப்எல்ல ஒண்ணுதான். மூணு யார்டு தள்ளிக்கிட்டு ஒருத்தன் மேல வந்தா எந்த லைன்பேக்கரும் ரன்னுன்னுதான் நம்புவான். அந்த விதியை மாத்தாம டிஃபென்ஸைக் குறை சொல்றது அநியாயம்.

நடுவரிசை நல்லதம்பி:
விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே. அந்த 41 வாங்கின அதே ஜார்ஜியாதான் ஜனவரில அதே யங்கை எதிர்த்து 33-18ன்னு கப் அடிச்சது.

சனிக்கிழமைப் பித்தன்:
அந்த மேட்ச்ல கடைசியா கீலி ரிங்கோ பந்தைப் பறிச்சு 79 யார்டு ஓடினானே, அவன் கார்னர்பேக் (ஓரத்துல பாஸைத் தடுக்கிறவன்) தம்பி. உங்க முன்வரிசை இல்லை.