ரிமோட் டெஸ்க்டாப்பில் ஏரோ கிளாஸ் வரவில்லை, வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பழைய மென்பொருள் ஒன்றுக்காக விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2-வில், விண்டோஸ் 7 அல்டிமேட் கணினியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் (வேறொரு கணினியை இங்கிருந்தே இயக்கும் வசதி) மூலம் வேலை செய்கிறேன். என் கணினியில் ஏரோ கிளாஸ் (ஜன்னல் ஓரங்களைக் கண்ணாடி மாதிரி காட்டும் விண்டோஸ் தோற்றம்) அழகாக வருகிறது. ரிமோட்டில் நுழைந்ததும் ஜன்னல்களின் ஓரம் கண்ணாடி மாதிரி இல்லாமல் வெளிர்நீலப் பட்டையாகிவிடுகிறது. டாஸ்க்பாரில் சுட்டியை வைத்தால் சின்னப் படம் வருவதில்லை, பெயர் மட்டும்தான். பத்துப் பதினைந்து ஜன்னல்கள் திறந்திருக்கும்போது அந்தப் படம் இல்லாமல் தேடுவது உண்மையிலேயே சிரமம்.

இதுவரை செய்தது: சர்வரில் டெஸ்க்டாப் எக்ஸ்பீரியன்ஸ் (விண்டோஸ் 7-இன் தோற்ற வசதிகளைச் சர்வரில் சேர்க்கும் கூறு) நிறுவி, தீம்ஸ் சேவையை ஓடவிட்டேன். என் பக்கம் ரிமோட் டெஸ்க்டாப் இணைப்பின் எக்ஸ்பீரியன்ஸ் தாவலில் டெஸ்க்டாப் கம்போசிஷனை (ஏரோ வருவதற்குத் தேவையான அமைப்பு) டிக் செய்து, வண்ணத்தை 32 பிட் ஆக்கினேன். அப்புறம், இரண்டு திரைகளையும் சேர்த்துப் பயன்படுத்தினால் ஏரோ வராது என்பதால் ஒற்றைத் திரையில்தான் பார்த்தேன். மாற்றமில்லை.

என் சந்தேகம் சர்வர் மீதுதான். செஷன் ஹோஸ்ட் (ரிமோட் இணைப்புகளை ஏற்கும் சர்வர் பகுதி) அமைப்பில் வண்ண வரம்பு 16 பிட் என்றிருந்தால் நான் 32 கேட்டாலும் கிடைக்காது அல்லவா? அந்த வரம்பை எங்கே பார்ப்பது? குரூப் பாலிசியிலும் (நிர்வாகி விதிக்கும் விண்டோஸ் கட்டுப்பாடுகள்) கம்போசிஷனைத் தனியாக அனுமதிக்க வேண்டுமா? இதைச் சரிசெய்தவர்கள் எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.