எரிவாயு மின் நிலையம்: மனு எழுதக் கை கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம். எண்ணூர் பக்கம் எரிவாயு மின் நிலையம் அமைக்கும் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது. போன முறை வேறொரு திட்டத்துக்குப் போய், மைக் கைக்கு வந்ததும் கோபத்தில் கத்திவிட்டு வந்தேன். உருப்படியாக ஒன்றும் பதிவாகவில்லை. அதனால் இந்த முறை எழுதியே கொடுக்கலாம் என்றிருக்கிறேன். 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி எழுத்தில் வரும் கருத்துகளையும் பரிசீலிக்க வேண்டும்.

வெறுமனே 'வேண்டாம்' என்று எழுத மனம் வரவில்லை. எரிவாயுவில் சாம்பல் இல்லை. கொசஸ்தலை ஆற்றில் நிலக்கரிச் சாம்பல் படிந்ததைப் பார்த்த எங்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. கரியமில வாயுவும் நிலக்கரியில் பாதியளவுதான். ஆனால் காற்றைக் கெடுக்கும் நைட்ரஜன் ஆக்சைடுகள் வரும். குளிர்விக்கும் நீரை எங்கிருந்து எடுத்து, எவ்வளவு சூட்டில் எங்கே விடுவார்கள்? கழிமுகத்தில் இறாலும் நண்டும் பிடிப்பவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி. குழாயில் கசியும் மீத்தேன் (எரிவாயுவில் பெரும்பகுதி இதுதான்) வேறு, 20 ஆண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும்.

திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைக்கான தமிழ்ச் சுருக்கத்தைப் படித்தால் தலை சுற்றுகிறது (மொழிபெயர்ப்பு அப்படி!). முழு அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் காற்று மாசு அத்தியாயத்தை, முக்கியமாக ஏற்கெனவே இங்கிருக்கும் அனல் மின் நிலையங்களின் புகையையும் சேர்த்துக் கணக்கிட்டார்களா என்பதை, யாராவது படித்துச் சொல்ல முடியுமா? இதற்கு முன் இப்படி மனு கொடுத்தவர்கள் இருந்தால் அதன் நகல் கிடைத்தாலும் போதும். அப்புறம், தட்டச்சு நான் பார்த்துக்கொள்கிறேன்.