மொட்டைமாடி அறையில் லேசர்: எங்கள் குடும்பக் குழு, ஞாயிறு மாலை

இளங்கோ, 6:48
வந்துவிட்டது! மூன்று வாரமாக வெறும் சத்தம் மட்டும் போட்ட என் நைட்ரஜன் லேசர் இன்று ஒளி விட்டது. மஞ்சள் ஹைலைட்டர் பூசிய அட்டையில் பச்சையாக ஒரு புள்ளி. படம் அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

அம்மா, 6:50
மேலே பட் பட் என்று கேட்டதே, அதுவா? டிவி வேறு இரண்டு முறை நின்று நின்று வந்தது.

இளங்கோ, 6:51
அதுதான் அம்மா. ஒவ்வொரு மின்பொறியும் ரேடியோ அலையையும் சேர்த்துப் பரப்பும். நீங்கள் டிவி பார்க்கும் நேரத்தில் இனி ஓட்ட மாட்டேன்.

கயல், 6:53
அண்ணா, சூப்பர்! நைட்ரஜன் சிலிண்டர் எங்கே வாங்கினீர்கள்?

இளங்கோ, 6:56
சிலிண்டரே இல்லை கயல். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தானே? அறையில் நாம் மூச்சு விடும் காற்றேதான். கண்ணாடிகளும் வைக்கவில்லை. மற்ற பெரும்பாலான லேசர்களில் ஒளி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பல தடவை போய்வந்துதான் வலுக்கும். நைட்ரஜனில் ஒரே ஓட்டத்திலேயே வலு ஏறிவிடும். முதல் நைட்ரஜன் லேசர் 1963-இல் வந்தது. 1974-இலேயே ஓர் அமெரிக்க அறிவியல் இதழ் இதை வீட்டில் செய்யும் முறையை வெளியிட்டது.

கயல், 6:57
அப்புறம் ஏன் மூன்று வாரம் ஆயிற்று?

இளங்கோ, 7:02
வேகம்தான் பிரச்சினை. சாதாரணக் காற்றழுத்தத்தில், மின்சாரத்தால் கிளர்ந்த நைட்ரஜன் மூலக்கூறு, ஆற்றல் கூடிய மேல்நிலையில் இரண்டு நானோ வினாடி (ஒரு நானோ வினாடி என்பது வினாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) அளவுக்குத்தான் தங்கும். ஒளியே அதற்குள் 60 செ.மீ.தான் போகும், யோசித்துப் பார். அந்த நேரத்துக்குள் மின்சாரம் இரண்டு அலுமினியத் துண்டுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாய்ந்தாக வேண்டும். ஒளி விட்டதும் மூலக்கூறு இறங்கும் கீழ்நிலையோ சீக்கிரம் காலியாகாது. அது நிரம்பியதும் லேசர் தானாக நின்றுவிடும். அதனால்தான் தொடர்ந்து எரியாமல் துடிப்பு துடிப்பாக வருகிறது.

பெரியப்பா, 7:05
அவ்வளவு வேகமாகப் பாய்ச்ச என்ன சர்க்யூட் போட்டாய்?

இளங்கோ, 7:11
ப்ளூம்லைன் சர்க்யூட், பெரியப்பா. அடியில் ஒரு பெரிய அலுமினிய ஃபாயில், அதன் மேல் ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்), அதற்கு மேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஃபாயில். அந்த இரண்டும் மின்னூட்டத்தைச் சேர்த்துவைக்கும் இரண்டு கெபாசிட்டர். நடுவில் எதிரெதிராக இரண்டு அலுமினியம் ஆங்கிள் (L வடிவப் பட்டை), ஒன்றரை மி.மீ. இடைவெளி. ஒரு கம்பிச்சுருள் வழியாக இரண்டு பக்கமும் ஒன்றாக 10,000 வோல்ட்டுக்கு ஏறும். ஒரு ஓரத்தில் இரண்டு போல்ட்டை வைத்து ஸ்பார்க் கேப், அதாவது பொறி விழும் சிறு இடைவெளி. அங்கே பொறி விழுந்ததும் ஒரு பக்கம் சட்டென்று இறங்கும், மறுபக்கம் அப்படியே நிற்கும். கம்பிச்சுருள் அந்த வேகத்துக்கு வழிவிடாது. முழு வோல்ட்டும் நடு இடைவெளியில் விழும்.

பெரியப்பா, 7:14
ஆலன் ப்ளூம்லைன்! ஸ்டீரியோ ஒலிக்குக் காப்புரிமை வாங்கிய அதே மனிதர். 1942-இல் ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து இறந்துபோனார். 38 வயதுதான். அவர் சர்க்யூட் நம் வீட்டு மாடியில் ஓடுகிறது, மிகவும் சந்தோஷம்.

பெரியப்பா, 7:15
சரி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மின்னூட்டத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் ராட் எங்கே?

இளங்கோ, 7:17
பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஐந்து நிமிடம் காத்திருப்பேன், பெரியப்பா. கெபாசிட்டரும் சிறியது. 4 நானோ ஃபாரட்தான். 10,000 வோல்ட்டில் 0.2 ஜூல் ஆற்றல்தான் வருகிறது.

பெரியப்பா, 7:21
கணக்கு சரி, பழக்கம் தவறு. அந்த 0.2 ஜூலுக்குப் பின்னால் சப்ளை நிற்கிறதே, அது நிறுத்தாமல் தள்ளும். நான் மின் லைனில் வேலை பார்த்த காலத்தில், ஆஃப் செய்தாயிற்று என்று நம்பிக் கை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் ஷீட் மின்னூட்டத்தைக் கொஞ்சம் பிடித்துவைத்துப் பிறகு திருப்பியும் கொடுக்கும். காத்திருந்தால் போதாது. நீளமான பிடியுள்ள எர்த் ராடால் தொட்டு இறக்கி, அப்படியே கிளிப் போட்டு வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். ஒரு கை சட்டைப் பையில் இருக்கட்டும்.

சித்தி, 7:26
நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் கண் மருத்துவமனையில் தினமும் பார்ப்பதுதான். இந்த ஒளியின் அலைநீளம் எத்தனை நானோமீட்டர்?

இளங்கோ, 7:27
337.1, சித்தி. புற ஊதா. அட்டையில் பூசிய ஹைலைட்டர்தான் அதைப் பச்சையாகக் காட்டுகிறது.

சித்தி, 7:31
அப்படியென்றால் கண்ணுக்கே தெரியாது. இமை மூட வேண்டும் என்றுகூடக் கண்ணுக்குத் தோன்றாது. புற ஊதாவைப் பெரும்பாலும் கண்ணின் லென்ஸ்தான் வாங்கிக்கொள்ளும், கண்புரைக்கு அது ஒரு காரணம். பாலிகார்பனேட் கண்ணாடி போட்டுக்கொள். கதிர் போகும் வழியில் கருப்பு அட்டை வை. ஜன்னலையும் திற, பொறி விழுந்தால் ஓசோன் சேரும்.

இளங்கோ, 7:33
கண்ணாடி போட்டிருக்கிறேன் சித்தி. அட்டை இன்றே வைக்கிறேன்.

கயல், 7:34
அண்ணா, கடைசியில் எதை மாற்றியதும் வேலை செய்தது?

இளங்கோ, 7:42
அதைச் சொல்லத்தான் காத்திருந்தேன். எல்லாம் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. ஆங்கிள் ஒரு முனையில் தலைமுடி அளவு நெருங்கிவிட்டால் மின்சாரம் முழுக்க அங்கே ஓடி, வெள்ளைப் பொறியாக விழும். அந்தப் பொறியில் லேசர் வராது. சத்தமும் கூர்மையாக இருக்கும். அறையை இருட்டாக்கிவிட்டு, சப்ளையை நிறுத்திக் காத்திருந்து, ஒரு முனையை மரக்குச்சியால் லேசாகத் தட்டுவேன். திரும்ப ஓட்டுவேன். மறுபடி நிறுத்தித் தட்டுவேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. இன்று ஒரு தட்டலில் வெள்ளைப் பொறிகள் மறைந்து, முனையிலிருந்து முனைவரை மெல்லிய ஊதாத் திரைபோல ஒரே சீராகப் பரவியது. அட்டையைத் தூக்கிப் பிடித்தேன். புள்ளி இருந்தது. கொஞ்ச நேரம் எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அம்மா, 7:45
கொடியில் கிடந்த அப்பா வேட்டியை எதற்கு எடுத்துப் போனாய்?

இளங்கோ, 7:47
கதிரில் காட்டிப் பார்க்கத்தான் அம்மா. வெண்மைக்காக சோப்புத்தூளில் சேர்க்கும் பொருள் புற ஊதாவில் நீலமாக ஒளிரும். வேட்டி அழகாக ஒளிர்ந்தது! துவைக்காத புதுப் பருத்தித் துணி அந்த அளவுக்கு ஒளிரவில்லை.

கயல், 7:49
நாளைக்கே நான் வந்து பார்க்கட்டுமா?

பெரியப்பா, 7:52
நானும் வருகிறேன். என்னிடம் பழைய எர்த் ராட் ஒன்று இருக்கிறது, புது ஒயர் போட்டு எடுத்து வருகிறேன். ஒன்பது மணி பஸ். அதுவரை மாடி அறை பூட்டியிருக்கட்டும்.

இளங்கோ, 7:53
பூட்டிவிட்டேன் பெரியப்பா. சாவி அம்மாவிடம்.