புதுப்பிப்பு: அண்ணியின் கட்டியும் குழந்தையும்

மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் அண்ணிக்கு நாலாம் மாத ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது, குழந்தைக்கு ஆபத்தா என்று முன்பு கேட்டிருந்தேன். பெண் குழந்தை. இருவரும் நலம்.

கட்டி குழந்தையை நசுக்கிவிடும் என்று தோட்டத்தில் ஆளாளுக்குப் பயமுறுத்தினார்கள். பெரும்பாலான கட்டிகள் சும்மாதான் கிடக்கும். சிலருக்குக் கட்டி வளர்ந்து, ரத்த ஓட்டம் போதாமல் உள்ளே சிதையும், வலி அங்கேதான். ஐந்தாம் மாதம் அண்ணி அடிவயிற்றில் விரல் வைக்கக்கூட விடவில்லை. பக்கத்து வீட்டு அத்தை பொன்ஸ்தான் வலி மாத்திரையோடு வந்துவிட்டார், பாசம்தான்! கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) தடுத்துப் பாராசிட்டமால் கொடுத்தார். 20 வாரத்துக்குப் பிறகு பொன்ஸ்தான் வகை மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கலாமாம்.

கட்டி கீழ்ப்பக்கம் இருந்ததால் குழந்தை தலை திரும்பவே இல்லை. 33-வது வாரம் வலி எடுத்தது. ஈப்போ ஆஸ்பத்திரியில் குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போட்டு, அப்புறம் ஆப்பரேஷன். ரத்தப்போக்கு கூடலாம் என்று ரத்தம் தயாராக வைத்திருந்தார்கள். கட்டியை எடுக்கவில்லை, அதுவும் ரத்தப்போக்குக்குப் பயந்துதான். குழந்தை 1.9 கிலோ; மஞ்சள் காமாலைக்கு விளக்கு வைத்தார்கள்.

அடினோமயோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள் வளர்வது) இருந்தால் கர்ப்பத்துக்கு ஆபத்தா என்று முன்பு என் பதிவில் கேட்ட அக்காவுக்கு: அது வேறு நோய். குறைப்பிரசவம், எடை குறைவு, கர்ப்பகால ரத்த அழுத்தம் மூன்றுக்கும் வாய்ப்பு கூடும். முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.